கொழுப்பை எரித்தது ஹார்மோனா, பட்டினியா? இன்சுலின் எதிர்ப்புள்ள சுண்டெலிகளில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

ஒரு சிறிய ஆய்வுக்கூடத்தில் நடந்தது இது. ஆய்வுத் தலைவர், சோதனைகளைச் செய்த ஆராய்ச்சி மாணவி, விலங்குக்கூடத்தைப் பல வருடங்களாகக் கவனித்துவரும் பராமரிப்பாளர், இவர்கள்தான் முக்கியமானவர்கள். தரவுகளை அலசும் வேலையில் நானும் கூட இருந்தேன். யாருடைய பெயரும் இங்கே தேவையில்லை. நடந்ததை வரிசையாக எழுதிவைத்தால் இதே மாதிரி சோதனை செய்யப்போகிறவர்களுக்கு உதவும்.

கேள்வி எளிமையானது. கொழுப்புத் தீவனம் தின்று பருத்து, இன்சுலினுக்குச் சரியாகப் பதில் சொல்லாத நிலைக்கு வந்துவிட்ட சுண்டெலிக்கு அடிப்போனெக்டின் என்ற ஹார்மோனை வெளியிலிருந்து கொடுத்தால், அதன் உடல் கூடுதலாகக் கொழுப்பை எரிக்குமா?

அடிப்போனெக்டினைச் சுரப்பது கொழுப்பு செல்தான். வினோதம் என்னவென்றால், கொழுப்பு கூடக்கூட ரத்தத்தில் இந்த ஹார்மோனின் அளவு குறைகிறது. இன்சுலின் எதிர்ப்பு உள்ளவர்களிடமும் குறைவாகவே இருக்கிறது. 1990களின் நடுவில் கண்டுபிடிக்கப்பட்டபோது அது இவ்வளவு பெரிய கதையாகும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். 2001இல் வந்த ஒரு ஆய்வில், இந்தப் புரதத்தின் உருண்டையான முனைப்பகுதியை மட்டும் மிகக் குறைந்த அளவில் தினமும் கொடுத்தபோது, கொழுப்பும் சர்க்கரையும் நிறைந்த தீவனம் தின்ற சுண்டெலிகளின் எடை இறங்கியது, அதுவும் அவை சாப்பிடும் அளவு குறையாமலே. அடுத்த வருடம் அதன் வழியும் ஓரளவு தெளிவானது. தசையில் ஏ.எம்.பி.கே. என்ற நொதியை இந்த ஹார்மோன் தட்டி எழுப்புகிறது. அது அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்ற இன்னொரு நொதியை அடக்குகிறது. அதனால் மலோனைல் கோ-ஏ குறைகிறது. கொழுப்பமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் வாசலைச் சாத்திவைப்பது இந்த மலோனைல் கோ-ஏதான், அது குறைந்தால் வாசல் திறக்கும், கொழுப்பு உள்ளே போய் எரியும்.

"சாப்பிடும் அளவு குறையாமல்" என்ற அந்தச் சொற்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழு விஷயமும் அதைச் சுற்றித்தான் நடக்கிறது.

திட்டம்

சி57பிஎல்/6 வகை ஆண் சுண்டெலிகள். ஆறு வார வயதிலிருந்து, 60 சதவீத ஆற்றல் கொழுப்பிலிருந்து வரும் தீவனம், 12 வாரம். இந்தத் துறையில் எல்லோரும் கையாளும் முறைதான். அதற்குப்பின் சர்க்கரைத் தாங்கும் திறனையும் இன்சுலினுக்கான பதிலையும் சோதித்து, எதிர்ப்பு வந்துவிட்டது என்று உறுதிசெய்துகொண்டார்கள். பிறகு இரண்டு குழு. ஒன்றுக்கு வயிற்றுக்குள் தினம் இரண்டு வேளை ஹார்மோன் ஊசி, மற்றதற்கு அதே அளவு உப்புக் கரைசல். ஊசி குத்துவதே எலிக்குப் பயத்தைத் தந்து சாப்பாட்டைக் குறைக்கும் என்பதால், சோதனைக்குச் சில நாள் முன்பிருந்தே எல்லாவற்றுக்கும் உப்புக் கரைசல் ஊசி போட்டுப் பழக்கியிருந்தார்கள். இது நல்ல பழக்கம், பல இடங்களில் விட்டுவிடுகிறார்கள்.

கொழுப்பு எரிவதை அளக்க மூச்சு அளவீட்டுக் கூண்டு. எலி இழுக்கும் ஆக்சிஜனையும் விடும் கார்பன் டை ஆக்சைடையும் கருவி இரவு பகலாக அளந்துகொண்டே இருக்கும். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது சுவாச ஈவு. குளுக்கோஸ் எரியும்போது ஆறு ஆக்சிஜனுக்கு ஆறு கார்பன் டை ஆக்சைடு, எனவே ஈவு 1. பால்மிட்டிக் அமிலம் முழுதாக எரிய 23 ஆக்சிஜன் மூலக்கூறு வேண்டும், வெளிவருவது 16 கார்பன் டை ஆக்சைடு, எனவே ஈவு 0.7. எண் 0.7 பக்கம் சாய்ந்தால் கொழுப்பு, 1 பக்கம் சாய்ந்தால் மாவுச்சத்து.

ஹார்மோன் ஈ. கோலி பாக்டீரியாவில் தயாரிக்கப்பட்டது. முழு நீள அடிப்போனெக்டினை பாக்டீரியாவால் சரியாகச் செய்ய முடியாது, ஏனென்றால் அதன்மேல் ஏற வேண்டிய சர்க்கரைகளும் பல மூலக்கூறுகள் சேர்ந்து பெரிய திரளாகும் அமைப்பும் அங்கே உருவாகாது. ஆனால் உருண்டை முனைப்பகுதிக்கு அந்தச் சிக்கல் பெரிதாக இல்லை, செலவும் குறைவு. அதனால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். தூய்மை 95 சதவீதத்துக்கு மேல் என்று சான்று இருந்தது. அந்தச் சான்று சொன்னது புரதத் தூய்மையை மட்டும்.

முதல் வாரத்தில் தெரிந்தது

முதல் நாள் இரவே ஹார்மோன் குழுவின் சுவாச ஈவு சரிந்தது. உப்புக் கரைசல் குழு 0.80ஐ ஒட்டியே ஓடிக்கொண்டிருக்க, இவை 0.72 பக்கம் வந்து நின்றன. மாணவி வரைந்த வரைபடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றையொன்று தொடவே இல்லை. எடையும் இறங்கியது. ஆய்வுத் தலைவருக்குப் பெரும் மகிழ்ச்சி, அதில் தவறே இல்லை, எதிர்பார்த்தது அப்படியே வந்தால் யாருக்குத்தான் மகிழ்ச்சி வராது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்லிவிட வேண்டும். எரிந்த கொழுப்பைக் கிராமில் கணக்கிட எல்லோரும் எடுக்கும் சமன்பாடு எளிது. ஆக்சிஜன் லிட்டரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு லிட்டரைக் கழித்து 1.67ஆல் பெருக்க வேண்டும், புரதத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அவ்வளவுதான். இப்போது எலி இழுக்கும் ஆக்சிஜன் கொஞ்சமும் மாறவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஈவு 0.80 என்றால் வித்தியாசம் 0.20 பங்கு. ஈவு 0.72 என்றால் 0.28 பங்கு. அதாவது கொழுப்பு எரிப்பு 40 சதவீதம் கூடியதாகக் காகிதம் சொல்லும். எலி ஒரு கலோரிகூட அதிகமாகச் செலவழிக்கவில்லை, எரிபொருளை மட்டும் மாற்றிக்கொண்டது. அந்த 40 சதவீதத்தைத் தனியாக ஒரு பட்டை வரைபடத்தில் போட்டால் பார்ப்பவர் மனதில் "இந்த ஹார்மோன் உடம்பை இளைக்க வைக்கிறது" என்றுதான் பதியும்.

மொத்த ஆக்சிஜனைப் பார்த்தோம். கூடவில்லை. முதல் இரண்டு நாள் கொஞ்சம் குறைந்தே இருந்தது.

சந்தேகம் முளைத்த இடம்

சந்தேகத்தைத் தொடங்கிவைத்தது கருவி இல்லை, பராமரிப்பாளர். எந்தக் கூண்டுக்கு என்ன ஊசி என்று அவருக்குத் தெரியாது, தெரியக்கூடாது என்பது திட்டத்திலேயே இருந்தது. அவர் தினமும் கூண்டுகளைப் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதுவார். இரண்டாம் நாள் மாணவியிடம் வந்து, "சில கூண்டுல எலிங்க முடியெல்லாம் சிலிர்த்துக்கிட்டு முதுகைக் கூனிக்கிட்டு மூலையில உக்காந்திருக்கும்மா, கண்ணு பாதி மூடியிருக்கு, ராத்திரியும் தீவனத்துப் பக்கம் போகல" என்றார். எந்தெந்தக் கூண்டு என்று மாணவி எண்களைக் கேட்டு எழுதிக்கொண்டு, பட்டியலோடு ஒப்பிட்டார். அவர் சொன்ன ஒவ்வொரு கூண்டும் ஹார்மோன் குழு. உப்புக் கரைசல் குழுவிலிருந்து ஒன்றுகூட இல்லை.

சிலிர்த்த முடி, கூனிய முதுகு, பாதி மூடிய கண். சுண்டெலிக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. கொழுப்பை எரிக்கும் எலி ஏன் நோயாளி மாதிரி உட்கார வேண்டும்?

தீவன எடையைத் திரும்பப் பார்த்தார்கள். முதல் பார்வையில் பெரிய குறைவு தெரியாமல் போனதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. கொழுப்புத் தீவனம் மென்மையாக, பிசுபிசுப்பாக இருக்கும், எலி கொறித்து உதிர்த்ததெல்லாம் படுக்கைத் துகளில் ஒட்டிக்கொள்ளும். தட்டில் குறைந்ததெல்லாம் வயிற்றுக்குள் போனதாக எடுத்துக்கொண்டால் கணக்கு தப்பும். மாணவி படுக்கைத் துகளைச் சலித்து, உதிர்ந்த துணுக்குகளைப் பொறுக்கி எடை போட்டார். அலுப்பான வேலை, ஆனால் அந்த வேலைதான் உண்மையைக் கொண்டுவந்தது. ஹார்மோன் குழு உண்மையில் கணிசமாகக் குறைத்தே சாப்பிட்டிருந்தது.

இப்போது 0.72க்கு வேறு ஒரு விளக்கம் வந்துவிட்டது. இந்தத் தீவனத்தில் கொழுப்பு 60, மாவுச்சத்து 20, புரதம் 20 சதவீதம். இதை அப்படியே எரித்தால் ஈவு ஏறத்தாழ 0.79 வரும். எடை மாறாமல் இருக்கும் விலங்கின் ஈவு அது தின்பதன் ஈவையே காட்டும், ஏனென்றால் தின்றதைத்தான் எரிக்கிறது. தின்பதைக் குறைத்தால் மீதியைச் சொந்தக் கொழுப்பிலிருந்து எடுக்கும், ஈவு 0.7 பக்கம் இறங்கும். பட்டினி போட்ட எந்த எலியும் இதைத்தான் செய்யும், ஹார்மோனே வேண்டாம்.

இன்னொரு துப்பும் இருந்தது, அதை நான் கொஞ்சம் தாமதமாகத்தான் கவனித்தேன், ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் அழுத்தமாகப் பட்டது இதுதான். நான்காவது ஐந்தாவது நாளில் ஈவு மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. ஊசி நிற்கவில்லை, அளவு குறையவில்லை, ஆனாலும் விளைவு தேய்ந்தது. ஈ. கோலியில் தயாரித்த புரதத்தோடு அந்தப் பாக்டீரியாவின் நச்சும் கலந்து வரலாம், அது எலியை நோயாக்கிப் பசியைக் குறைக்கும். பாக்டீரியாவின் மேலுறையிலிருந்து வரும் உள்நச்சை, அதாவது எண்டோடாக்சினை, திரும்பத்திரும்பக் கொடுத்தால் உடல் சில நாளில் அதற்குப் பழகிவிடும், பசி திரும்பும். நோயெதிர்ப்புத் துறையில் இது பழைய செய்தி. வளர்சிதை மாற்றத் துறைக்காரர்கள் அந்தப் பக்கம் அவ்வளவாகப் போவதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

குழு கூடிப் பேசியது. ஆய்வுத் தலைவர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஹார்மோனே பசியை அடக்குகிறதோ, அதுவும் ஒரு விளைவுதானே என்றார். நியாயமான கேள்விதான், அதைச் சோதிக்காமல் ஒதுக்க முடியாது. எனவே எந்த விளக்கத்தையும் முன்கூட்டி நம்பாமல், இரண்டையும் பிரித்துக்காட்டும் சோதனைகளைத் தேர்ந்தெடுத்தார்கள்.

முதலாவது, மிஞ்சியிருந்த ஹார்மோன் குப்பியை எல்.ஏ.எல். சோதனைக்கு அனுப்புவது. குதிரைலாட நண்டின் ரத்த அணுச் சாறு எண்டோடாக்சின் பட்டதும் உறைந்துவிடும், அந்தப் பண்பை வைத்துச் செய்யும் சோதனை இது. செலவு அதிகமில்லை, எலியும் தேவையில்லை. அதனால்தான் அதை முதலில் வைத்தார்கள்.

இரண்டாவது, கொதிக்க வைத்த ஹார்மோன். இது மாணவியின் யோசனை, முழு வேலையிலும் அழகான பகுதி என்று நான் நினைப்பது இதைத்தான். கொதிநீரில் வைத்தால் புரதம் சிதைந்துவிடும், ஹார்மோனாக வேலை செய்யாது. எண்டோடாக்சினோ கொதிநீருக்கு மசியாது, அதை அழிக்க 250 டிகிரி உலர் வெப்பத்தில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். ஆக, கொதிக்க வைத்த பிறகும் எலி சாப்பிடாமல் இருந்தால் காரணம் ஹார்மோன் இல்லை.

மூன்றாவது, ஹார்மோன் குழு தின்ற அளவே தீவனம் கொடுக்கப்பட்ட ஒரு குழு. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளின் அளவைப் பார்த்து அளந்து வைக்க வேண்டும்.

எண்டோடாக்சினை உணரும் டி.எல்.ஆர்.4 ஏற்பியில் பழுதுள்ள சி3எச்/எச்ஈஜே வகை எலிகளில் செய்து பார்க்கலாம் என்றும் பேச்சு வந்தது. வேறு வகை எலி என்றால் கொழுப்புத் தீவனத்துக்கு அதன் பதிலே வேறு மாதிரி இருக்கும், மறுபடி 12 வாரம், மறுபடி நிறைய விலங்குகள். கொதிக்க வைத்த ஹார்மோனே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போது கூடுதல் விலங்குகளைக் கேட்பது சரியில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்த முடிவோடு நான் முழுதாக உடன்படுகிறேன். புதிய குழுக்களுக்கு விலங்கு நெறிமுறைக் குழுவிடம் தனியாக அனுமதி வாங்கினார்கள், அதற்குச் சில வாரம் பிடித்தது.

அடுத்து நடந்தது

எல்.ஏ.எல். முடிவு வந்தது. குப்பியில் எண்டோடாக்சின் நிறைய இருந்தது, எலிக்கு நோய்க்குணம் வருவதற்குப் போதுமான அளவு.

கொதிக்க வைத்த ஹார்மோன் கொடுத்த எலிகளும் அதே மாதிரி முடி சிலிர்த்து உட்கார்ந்தன, சாப்பாடு குறைந்தது, சுவாச ஈவு இறங்கியது. கோடு ஏறக்குறைய பழைய கோட்டின்மேலேயே போனது. அளவாகத் தீவனம் கொடுக்கப்பட்ட குழுவுக்கு எந்த ஊசி மருந்தும் இல்லை, ஆனால் அதன் ஈவும் அங்கேயே வந்து நின்றது. முதல் வாரத்தில் பார்த்த "கொழுப்பு எரிப்பு" பெரும்பாலும் பட்டினிதான் என்பதில் அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இல்லை.

இந்தப் புள்ளியில் பல குழுக்கள் கைகழுவிவிடும். இவர்கள் விடவில்லை. பாலூட்டி செல்களில் தயாரித்த, எண்டோடாக்சின் அளவு சோதித்துச் சான்றளித்த அடிப்போனெக்டினை வாங்கினார்கள், விலை கூடுதல்தான். வந்த குப்பியைத் தாங்களும் ஒருமுறை சோதித்துவிட்டே ஊசியில் ஏற்றினார்கள்.

இரண்டாம் சுற்றில் எலிகள் நன்றாக இருந்தன, ஓடின, சாப்பிட்டன. பராமரிப்பாளரின் குறிப்பேட்டில் குறிப்பிட எதுவும் இல்லை. 24 மணி நேரச் சுவாச ஈவில் இரண்டு குழுக்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. முதலில் பார்த்ததோடு ஒப்பிட்டால் ஏமாற்றமாகத் தோன்றும். ஆனால் யோசித்தால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். ஒரே தீவனத்தை ஒரே அளவில் தின்று எடை பெரிதாக மாறாத இரண்டு குழுக்களின் ஈவு வெகுவாக மாறுபட இடமே இல்லை. தசையில் கொழுப்பு கூடுதலாக எரிந்தாலும், நாள் முழுவதற்குமான கூட்டுத்தொகை தீவனத்தோடு கட்டுப்பட்டே இருக்கும்.

அதனால் கேள்வியை மாற்றினார்கள். நாள் முழுவதும் சேர்த்துப் பார்க்காமல், ஒரு வேளை கொழுப்பு வயிற்றுக்குள் போன பிறகு என்ன நடக்கிறது? எண்ணெயைக் குழாய் வழியாக வயிற்றுக்குள் கொடுத்து, ரத்தத்தில் கட்டற்ற கொழுப்பமிலம் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்தார்கள். ஹார்மோன் பெற்ற எலிகளில் ஏற்றம் குறைவு, இறக்கம் வேகம். கதிரியக்கக் கார்பன் சேர்த்த பால்மிட்டிக் அமிலத்தில் காலின் சோலியஸ் தசைத் துண்டை வைத்து, அது விட்ட கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து எண்ணியபோது அங்கேயும் எரிப்பு கூடியிருந்தது. இன்சுலின் கொடுத்தபோது ரத்தச் சர்க்கரை முன்பைவிட ஆழமாக இறங்கியது.

விளைவு

ஆக ஹார்மோன் வேலை செய்யத்தான் செய்தது, தசை அளவில், உணவுக்குப் பிந்தைய சில மணி நேரத்தில், எடையைப் பெரிதாகத் தொடாமல். முதல் வாரத்துப் பெரிய வரைபடத்தைவிட இது சிறிய முடிவு, ஆனால் நிற்கக்கூடிய முடிவு.

எனக்கு மிகவும் கவலை தந்த விஷயம் ஒன்று உண்டு. எண்டோடாக்சின் குறைந்த அளவில் தொடர்ந்து ரத்தத்தில் இருந்தால் அதுவே சுண்டெலிக்கு இன்சுலின் எதிர்ப்பை உண்டாக்கும் என்று 2007இலேயே காட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் பாக்டீரியாவில் தயாரித்த ஹார்மோனை வைத்தே இன்னும் சில வாரம் ஓட்டியிருந்தால், ஹார்மோனின் நன்மையும் மாசின் கெடுதியும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, "அடிப்போனெக்டின் இன்சுலின் எதிர்ப்புக்கு உதவவில்லை" என்ற நேர் எதிரான முடிவோடு அவர்கள் வெளியே வந்திருக்கலாம். ஒரே குப்பி, முதல் வாரத்தில் பொய்யான வெற்றி, ஆறாம் வாரத்தில் பொய்யான தோல்வி.

ஆய்வுத் தலைவர் முதல் சுற்றுத் தரவை மறைக்காமல், கொதிக்க வைத்த குழுவோடு சேர்த்துப் பின்னிணைப்பில் வைத்தார். பராமரிப்பாளரின் கவனிப்பு செய்முறைப் பகுதியிலேயே பதிவானது.

இனி மாறுவது

அந்தக் கூடத்தில் பாக்டீரியாவில் தயாரித்த எந்தப் புரதமும் எண்டோடாக்சின் சோதனை இல்லாமல் இப்போது எலிக்குள் போவதில்லை. புரதம் கொடுக்கும் ஒவ்வொரு சோதனைக்கும் கொதிக்க வைத்த புரதக் குழு ஒன்று திட்டத்திலேயே இருக்கிறது, பின்னால் சேர்ப்பதில்லை. அளவாகத் தீவனம் கொடுக்கும் குழுவும் அப்படியே, சாப்பாடு குறையும் வாய்ப்பு சிறிதளவு இருந்தாலும்.

சுவாச ஈவைத் தனியாக வெளியிடுவதும் நின்றுவிட்டது. அதோடு மொத்த ஆக்சிஜன், சலித்து எடை போட்ட தீவன அளவு, தீவனத்தின் ஈவு என மூன்றும் ஒரே படத்தில் வர வேண்டும் என்பது இப்போது வழக்கம். ஆக்சிஜனை உடல் எடையால் வகுத்துப் போடுவதையும் விட்டுவிட்டார்கள், ஏனென்றால் எடை இறங்கிய எலியில் வகுக்கும் எண் சிறிதாகி, செலவு கூடியதுபோல் தோன்றும். எடையைத் துணை மாறியாக வைத்துப் புள்ளியியல் முறையில் சரிசெய்வதே சரி.

அப்புறம், பராமரிப்பாளரின் குறிப்பேடு. முன்பு அது விலங்குக்கூடத்தோடு நின்றுவிடும். இப்போது வாரக்கூட்டத்தில் முதலில் வாசிக்கப்படுவது அதுதான், வரைபடங்கள் அதற்குப் பிறகுதான் திறக்கப்படுகின்றன. இன்னும் தீராத வேலை ஒன்று இருக்கிறது: எலிகளை 22 டிகிரியில் வைத்தே எல்லாச் சோதனையும் நடந்தது, சுண்டெலிக்கு அது குளிர், உடம்பைச் சூடாக வைக்கவே ஆற்றலில் பெரும்பங்கு போய்விடும். 30 டிகிரியில் வைத்தால் தசையில் பார்த்த அந்தச் சிறிய விளைவு அப்படியே இருக்குமா என்று பார்க்க அடுத்த தொகுதி எலிகளுக்கு இப்போது கொழுப்புத் தீவனம் போய்க்கொண்டிருக்கிறது.